திருநெல்வேலியில் அயான் சேனல் கருத்தரங்கு நடத்துவது எப்படி: படிப்படியாக முழு வழிகாட்டி

கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ மருத்துவக் கல்லூரியிலோ வேலை பார்க்கும் இளம் ஆசிரியர்களுக்கும், "நீயே பார்த்துக்கோப்பா" என்று பொறுப்பு தலையில் இறங்கிய ஆராய்ச்சி மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். 2 நாள், 150 பேர் வரை, தேசிய அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு 10 மாதம் வேண்டும். 6 மாதத்திலும் நடத்தலாம், ஆனால் அப்போது நிதி கிடைக்காது, நல்ல பேச்சாளர்களும் கிடைக்கமாட்டார்கள்.

புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஹாலைப் பிடிப்பார்கள், சிறப்பு விருந்தினரைப் பிடிப்பார்கள், பிரசுரம் அச்சடிப்பார்கள், அப்புறம்தான் யார் எதைப் பேசுவது என்று யோசிப்பார்கள். இது தலைகீழ் வரிசை. கேள்வி, ஆட்கள், தேதி, பணம், இடம் என்றுதான் போக வேண்டும். சேனல் துறையில் இது இன்னும் முக்கியம். அயான் சேனல் என்பது செல்லின் சவ்வில் சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகள் போய்வரத் திறந்து மூடும் ஒரு புரதக் கதவு. ஒரே புரதத்தைப் பற்றி ஆய்வகத்தில் ஒருவர் வேலை பார்ப்பார், வார்டில் இன்னொருவர் அதன் கோளாறைப் பார்ப்பார், ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசிப் புரிந்துகொள்வதற்குத்தான் இத்தனை ஏற்பாடும், அதை மனதில் வைத்தே கீழே உள்ள ஒவ்வொரு படியையும் சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நிறுவனத் தலைவரின் எழுத்துப்பூர்வ அனுமதி. வாய்மொழியாகச் "சரி, நடத்துங்க" என்பது போதாது. நிதிக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்பது அந்தக் கடிதத்தைத்தான்.

பணம் வரவு வைக்கத் தனிக் கணக்கு அல்லது தனிக் கணக்குத் தலைப்பு. துறைப் பணத்தோடு கலந்துவிட்டால் பின்னால் பிரித்துக் காட்ட முடியாது. பதிவுக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி உண்டா என்பதையும் கணக்குப் பிரிவில் இப்போதே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கருத்தரங்குக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி, அதன் கடவுச்சொல் இரண்டு பேரிடம். ஒருவருடைய சொந்த ஜிமெயிலில் எல்லாம் வந்து கிடந்தால், அவர் காய்ச்சலில் படுத்த அன்று வேலை நின்றுவிடும்.

2. தலைப்பைச் சுருக்குங்கள் (10 மாதம் முன்பு)

"அயான் சேனல் உயிரியலும் நோய்களும்" என்று மட்டும் போட்டால் அது கடல். இதயத்தில் நீண்ட க்யூடி நோய் (ஈசிஜியில் க்யூடி என்ற இடைவெளி நீண்டு, துடிப்பு தடம் புரளக்கூடிய நோய்), மூளையில் டிராவே வலிப்பு, நுரையீரலில் சிஎஃப்டிஆர் கோளாறால் வரும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், கணையத்தில் பிறந்த குழந்தை சர்க்கரை நோய், வலி நரம்பில் என்ஏவி 1.7, 1.8 என்ற சோடியம் சேனல்கள் என்று எல்லாமே உள்ளே வரும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவரைக் கூப்பிட்டால் பட்டியல் நிறைந்துவிடும், ஆனால் எவருக்கும் பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேச விஷயம் இருக்காது.

அதனால் ஒரே வாக்கியத்தில் ஒரு கேள்வியை எழுதுங்கள். நெல்லைக்கு மண்ணோடு ஒட்டிய கேள்விகள் நிறைய உண்டு. நான் முதலில் சொல்வது நஞ்சும் சேனலும். நம் பக்கம் செந்தேள் கொட்டி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் உண்டு. அந்த நஞ்சு சோடியம் சேனல் மூடுவதைத் தாமதப்படுத்தி நரம்பைக் கட்டுக்கடங்காமல் தூண்டுகிறது, வியர்த்துக் கொட்டி, கைகால் சில்லிட்டு, நுரையீரலில் நீர் கோத்து ஆள் ஆபத்துக்குப் போகிறார். மருத்துவர் ரத்தக்குழாயைத் தளர்த்தும் பிரசோசின் கொடுக்கிறார். அதே தேளின் நஞ்சில் இருந்து எடுத்த ஐபீரியோடாக்சினை உலகமெங்கும் பிகே பொட்டாசியம் சேனலை அடைக்கும் கருவியாக ஆய்வகங்களில் பயன்படுத்துகிறார்கள். பக்கத்தில் மன்னார் வளைகுடாவில் கூம்புச் சங்குகள் இருக்கின்றன. அந்த வகைச் சங்கு ஒன்றின் நஞ்சை அடிப்படையாகக் கொண்ட சிகோனோடைடு என்ற வலி மருந்து கால்சியம் சேனலை அடைத்து வேலை செய்கிறது, 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அவசரப் பிரிவு மருத்துவர், கடல் உயிரியல்காரர், செல்லின் மின்னோட்டத்தை அளக்கும் மின்னுடலியல்காரர் மூன்று பேரையும் இழுக்கும் தலைப்பு இது.

இன்னொன்று, சொந்தத்தில் கல்யாணமும் மரபுச் சேனல் நோய்களும். பிறவியிலேயே காது கேளாத குழந்தை திடீர் திடீரென்று மயங்கி விழுந்தால் ஜெர்வெல் லாங்கே-நீல்சன் நோயா என்று பார்க்க வேண்டும். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் வரும் நோய் அது, பெரும்பாலும் கேசிஎன்கியூ1 மரபணுவில் கோளாறு. சந்தேகப்பட்டால் முதலில் எடுக்க வேண்டியது ஒரு சாதாரண ஈசிஜி. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் சகஜமான ஊரில் இந்தத் தலைப்புக்குக் குழந்தை மருத்துவர்கள் கட்டாயம் வருவார்கள்.

எல்லையையும் இப்போதே போடுங்கள். உதாரணத்துக்கு, மஞ்சள் அரளி விதை விஷம் பற்றிப் பேச மருத்துவர்கள் ஆர்வமாக முன்வருவார்கள், நம் பக்கம் அவ்வளவு வருகிறது. ஆனால் அரளி நஞ்சு தாக்குவது சேனலை அல்ல, சோடியம்-பொட்டாசியம் பம்பை. சேர்க்கலாமா? நான் சேர்ப்பேன். பம்ப் நின்றால் அயனி அளவு மாறுகிறது, அது சேனல் வழியாகத்தான் இதயத் துடிப்பைக் கெடுக்கிறது. ஆனால் அதை முடிவு செய்து எழுதி வைத்திருந்தால்தான், நாளைக்கு வேறு ஒருவர் ரத்த அழுத்தம் பற்றிப் பொதுவாகப் பேசுகிறேன் என்று வரும்போது மரியாதையாக மறுக்க முடியும்.

எல்லாம் சேர்த்து ஒரு பக்கக் குறிப்பு: கேள்வி, எல்லை, யாருக்காக, எத்தனை அமர்வு. பேச்சாளருக்குப் போகும் கடிதம், நிதி விண்ணப்பம், பிரசுரம் எல்லாம் இந்த ஒரு பக்கத்தில் இருந்துதான் வெட்டி எடுக்கப் போகிறீர்கள்.

3. குழு

பிரசுரத்தில் புரவலர், இணைப் புரவலர், ஆலோசகர் என்று எவ்வளவு பெயர் வேண்டுமானாலும் போடுங்கள், அது மரியாதை. வேலை செய்யும் குழு வேறு. அதில் 6 அல்லது 7 பேருக்கு மேல் வேண்டாம், ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வேலை: பேச்சாளர், ஆய்வுச் சுருக்கம், பணம், பயணமும் தங்கலும், மேடையும் ஒலி ஒளியும், சாப்பாடு.

தலைமை மட்டும் இரண்டு பேர். ஒருவர் ஆய்வகத்தில் இருந்து, இன்னொருவர் மருத்துவமனையில் இருந்து. அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழகத்தில் இருப்பவர் தனியாக ஆரம்பித்தால் மருத்துவர்கள் பார்வையாளர்களாக மட்டுமே வருவார்கள். ஹைகிரவுண்டில் மருத்துவக் கல்லூரிக்காரர் தனியாக ஆரம்பித்தால் அறிவியல் கல்லூரி மாணவர்கள் கடைசி வரிசைக்குப் போய்விடுவார்கள். முதல் கூட்டத்திலேயே இரண்டு பக்கமும் இருக்க வேண்டும்.

4. தேதி: ஆடி மாதத்தைப் பாருங்கள்

இந்த இடத்தில்தான் ஊர் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வித்தியாசம் தெரியும், அதனால் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகி நெல்லையும் தூத்துக்குடியும் தண்ணீரில் நின்றதை மறந்திருக்கமாட்டீர்கள், ரயிலும் சாலையும் துண்டாகிப் போன நாட்கள் அவை. வெளியூர் ஆட்களை அந்த மாதங்களில் கூப்பிடாதீர்கள். நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் தேர்வு, மாணவர்கள் வரமாட்டார்கள். ஜனவரி நடுவில் பொங்கல். பிப்ரவரி நல்ல மாதம்தான், ஆனால் அமெரிக்க பயோபிசிக்கல் சொசைட்டியின் ஆண்டுக் கூட்டம் வழக்கமாக அந்த மாதத்தில் வரும், சேனல் ஆட்களில் பாதிப் பேர் அங்கே இருப்பார்கள். ஏப்ரல், மே வெயிலைச் சொல்லவே வேண்டாம். ஆனியில் நெல்லையப்பர் தேர், டவுன் பக்கம் வண்டி நகராது.

மிச்சத்தில் நல்லது ஜூலை நடுவில் இருந்து ஆகஸ்ட் நடு வரை, அதாவது ஆடி. ஆடியில் கல்யாணம் கிடையாது. மண்டபம், லாட்ஜ், சமையல்காரர், வேன் எல்லாம் சும்மா இருக்கும், பேரம் பேசலாம். அதுவே ஆவணி பிறந்துவிட்டால் முகூர்த்த நாள் ஒவ்வொன்றிலும் ஊரில் ஒரு ரூம் கிடைக்காது. கல்லூரி திறந்து பாடம் நடக்கும் நேரம், தேர்வு இல்லை. குற்றாலத்தில் சீசன் இருந்தால் வருகிறவர்களுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆடியிலும் சில நாட்களைத் தவிர்க்க வேண்டும். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஊரே போகும், வேனும் பஸ்ஸும் கிடைக்காது. சங்கரன்கோவில் ஆடித்தபசு நாளில் அந்தப் பக்கம் உள்ளூர் விடுமுறை. ஆகஸ்ட் 5 தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா, விமானத்தில் வருகிறவர்கள் அந்தப் பக்கம்தான் இறங்க வேண்டும். பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை, காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நெல்லையில் சும்மா சொல்லும் சொல் அல்ல. போஸ்டர் பலகைகளை ஷாமியானா போட்டு வெளியே நிறுத்தினால் காலை 11 மணிக்குள் பாதி கீழே கிடக்கும். போஸ்டருக்கு உள்ளறை இருக்கும் இடமாகத்தான் பார்க்க வேண்டும்.

கிழமை வெள்ளி, சனி. மருத்துவர்களுக்கு ஒரு நாள் விடுப்பு போதும், ஊர் திரும்ப ஞாயிறு இருக்கும்.

5. பேச்சாளர்கள் (9 மாதம் முன்பு)

தேதியை அச்சுக்குக் கொடுக்கும் முன் மூன்று முக்கியப் பேச்சாளர்களிடம் இரண்டு தேதிகளைச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் ஒத்துக்கொண்ட தேதிதான் தேதி. நிதி கேட்கும்போது பேச்சாளர்களின் சம்மதக் கடிதம் இருந்தால் விண்ணப்பத்துக்கு எடை கூடும், அதனால்தான் பணத்துக்கு முன்னால் இது.

தூரத்தை யோசித்து ஆட்களைத் தேடுங்கள். சாலை வழியாக வரக்கூடிய திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், ஐசர், ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம் மூன்றும் இருக்கின்றன. பெங்களூரில் ஐஐஎஸ்சி, என்சிபிஎஸ், சென்னையில் ஐஐடி, வேலூரில் சிஎம்சி. புதிதாக ஆய்வகம் தொடங்கிய இளையவர்களைக் கட்டாயம் சேருங்கள். அவர்கள்தான் மாணவர்களிடம் இரவு 9 மணி வரைக்கும் நின்று பேசுவார்கள், பயிற்சிக்கு இடமும் கொடுப்பார்கள்.

கடிதத்தில் "உங்களுக்குப் பிடித்த தலைப்பில் பேசுங்கள்" என்று எழுதவே கூடாது. போன வாரம் வேறு ஊரில் போட்ட ஸ்லைடுகள்தான் வரும். என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள்: எத்தனை நிமிடம், கேட்கிறவர்கள் யார், அந்த அமர்வின் கேள்வி என்ன, அவருக்கு முன்னால் பேசுகிறவர் யார், பயணச் செலவில் எது எது நாங்கள் தருவோம்.

பேச்சாளர்களை ஜோடியாகப் போடுங்கள் என்பதுதான் இந்த வழிகாட்டியில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம். ஒரு நோய், ஒரு மருத்துவர், ஒரு ஆய்வகக்காரர். மருத்துவர் முதலில் 15 நிமிடம் ஒரு நோயாளியின் கதையைச் சொல்ல வேண்டும், அடுத்த 25 நிமிடம் ஆய்வகக்காரர் அதே சேனலை எடுத்துக்கொள்ள வேண்டும். சில ஜோடிகள் சொல்கிறேன்.

காய்ச்சலோடு நீண்ட வலிப்பு வந்த கைக்குழந்தை, எஸ்சிஎன்1ஏ மரபணு, டிராவே நோய். கார்பமாசெபின், பெனிடாயின் போன்ற சோடியம் சேனல் அடைப்பான்கள் இந்தக் குழந்தைகளுக்கு வலிப்பை மோசமாக்கக்கூடும். ஏன்? அந்தச் சேனல் பெரும்பாலும் வேலை செய்வது அடக்கும் நரம்பணுக்களில், அங்கே ஏற்கெனவே குறைவாக இருப்பதை இன்னும் அடைத்தால் அடக்க ஆள் இல்லாமல் போகும். வார்டில் பார்த்ததற்கு ஆய்வகம் காரணம் சொல்லும் இடம் இது.

பிறந்த 6 மாதத்துக்குள் சர்க்கரை நோய் வந்த குழந்தை, கேசிஎன்ஜே11 மரபணு. சேனல் மூடாமல் திறந்தே கிடப்பதால் இன்சுலின் வெளிவருவதில்லை. கிளிபென்கிளமைடு மாத்திரை அந்தச் சேனலை மூடுகிறது, பல குழந்தைகள் ஊசியில் இருந்து மாத்திரைக்கு மாறிவிடுகிறார்கள். இதைக் கேட்ட எம்எஸ்சி மாணவர் சேனல் என்றால் என்ன என்பதை மறக்கமாட்டார்.

நீச்சல் அடிக்கும்போதோ ஓடும்போதோ மயங்கி விழும் பெண் பிள்ளை, வலிப்பு என்று வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர், ஈசிஜி எடுத்தால் க்யூடி நீண்டிருக்கிறது. இந்த ஜோடிக்கு நரம்பியல் மருத்துவர், இதய மருத்துவர் இரண்டு பேரையும் உட்காரச் சொல்லுங்கள்.

இரண்டு பேரையும் ஒரு மாதம் முன்னால் தொலைபேசியில் பேச வைப்பது உங்கள் வேலை. மேடையில்தான் முதல் முறை சந்திக்கிறார்கள் என்றால் ஜோடி போட்டதில் பலன் இல்லை.

வெளிநாட்டவர் நேரில் வருவதாக இருந்தால் வெளியுறவு அமைச்சகம், உள்துறை அமைச்சகம் இவற்றின் அனுமதிகளும் மாநாட்டு விசாவும் வேண்டும். சுற்றுலா விசாவில் வரச் சொல்லாதீர்கள். அந்த அலைச்சலுக்கு ஆள் இல்லை என்றால் காணொளியில் பேசச் சொல்லுங்கள். ஆடியில் நம் மாலை 6 மணி நியூயார்க்கில் காலை 8.30, லண்டனில் மதியம் 1.30. கலிஃபோர்னியாவில் விடியற்காலை 5.30, அங்கே இருப்பவரை அந்த நேரத்துக்குக் கேட்காதீர்கள்.

6. பணம் (8 மாதம் முன்பு)

மத்திய அரசில் ஏஎன்ஆர்எஃப் (தேசிய ஆராய்ச்சி நிதி அமைப்பு, முன்பு செர்ப் பார்த்த வேலையை இப்போது இது பார்க்கிறது), டிபிடி (உயிரித் தொழில்நுட்பத் துறை), சிஎஸ்ஐஆர், ஐசிஎம்ஆர், மாநிலத்தில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றம் ஆகியவற்றின் இணையதளங்களில் அந்த வருடத்துக்கான அறிவிப்பைத் தேடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கடைசித் தேதி வேறு, படிவம் வேறு. ஒரே செலவை இரண்டு இடத்தில் காட்டாமல் இருக்க, எந்த நிதி எதற்கு என்று முன்கூட்டியே பிரியுங்கள்: ஒன்றில் பேச்சாளர் பயணம், ஒன்றில் மாணவர் தங்கல், ஒன்றில் அச்சு.

நிதி ஒப்புதலானாலும் பணம் கைக்கு வருவது கருத்தரங்கு முடிந்த பிறகாக இருக்கலாம். அதனால் பதிவுக் கட்டணம்தான் கையில் இருக்கும் காசு. மாணவர், ஆசிரியர், மருத்துவர் என்று மூன்று கட்டணம் வையுங்கள், மாணவர் கட்டணம் சாப்பாட்டுச் செலவை மட்டும் ஈடுகட்டினால் போதும். கோவில்பட்டியில் இருந்தும் நாகர்கோவிலில் இருந்தும் பஸ் ஏறி வரும் பிள்ளைகள் காசுக்காக வராமல் போகக் கூடாது.

மருத்துவர்களுக்குத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் கிரெடிட் மணிநேரம் (தொடர் மருத்துவக் கல்விக் கணக்கில் சேரும் நேரம்) வாங்கிக் கொடுங்கள். முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், நிகழ்ச்சி நிரலும் பேச்சாளர் விவரமும் கேட்பார்கள். இது இருந்தால் மருத்துவர் பதிவு தானாகக் கூடும்.

மருந்து நிறுவனங்கள் உதவ வந்தால் 2024-இல் வந்த மருந்துச் சந்தைப்படுத்தல் நெறிமுறையைப் படித்துவிட்டுப் பேசுங்கள். பங்கேற்க வரும் மருத்துவரின் பயணச் செலவை நிறுவனம் ஏற்கக் கூடாது. நுண்ணோக்கி, ஆம்ப்ளிஃபையர் விற்கிறவர்களுக்கு அரங்கு வாடகைக்கு விடுவதில் இந்தச் சிக்கல் இல்லை.

7. இடம் (6 மாதம் முன்பு)

நகருக்குள் இருக்கும் இடமே நல்லது. மருத்துவர் ரவுண்ட்ஸ் முடித்துவிட்டு வர வேண்டும், அவசரம் என்றால் ஓட வேண்டும். பாளையங்கோட்டையில் கல்லூரி அரங்குகளுக்குப் பஞ்சமில்லை.

பார்க்கப் போகும்போது கருத்தரங்கு நடக்கப் போகும் அதே நேரத்தில் போங்கள். பிற்பகல் 3 மணிக்கு மேற்கு ஜன்னலில் இருந்து வெயில் நேராகத் திரையில் விழுவது காலையில் போனால் தெரியாது. ஒரு பேட்ச் கிளாம்ப் பதிவை (நுண்ணிய கண்ணாடிக் குழாய் முனையால் சேனலின் மின்னோட்டத்தை அளந்தது) உங்கள் லேப்டாப்பில் கொண்டுபோய்த் திரையில் போட்டுப் பாருங்கள். ஒற்றைச் சேனல் திறந்து மூடும் பதிவு என்பது சில பிகோஆம்பியர் உயரமுள்ள படிகள், மெல்லிய கோடு. பழைய புரொஜெக்டரில் அந்தக் கோடு வெறும் சாம்பல் பட்டையாகத் தெரியும், பேச்சாளர் காட்டும் படியைக் கடைசி வரிசையில் ஒருவரும் பார்க்க முடியாது. இதைச் சோதிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்பதோடு விடாமல், மெயினை அணைத்துவிட்டு எவ்வளவு நேரத்தில் புரொஜெக்டர் திரும்ப வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.

8. ஆய்வுச் சுருக்கங்கள் (5 மாதம் முன்பு அறிவிப்பு)

250 சொல், ஒரு மாதிரிப் படிவம், ஒரே கடைசித் தேதி. தேதியை ஒரு தடவை நீட்டலாம், இரண்டாவது தடவை நீட்டினால் யாரும் உங்கள் தேதியை மதிக்கமாட்டார்கள்.

படிவத்தில் மூன்று கேள்விகளைக் கட்டாயமாக்குங்கள்: எந்தச் சேனல், எப்படி அளந்தீர்கள், ஒப்பீடு எது. இவை இல்லாவிட்டால் மூலிகைச் சாற்றைக் கணினியில் ஏதோ ஒரு சேனலோடு பொருத்திப் பார்த்த டாக்கிங் ஆய்வுகள் குவியும். கருவி இல்லாத கல்லூரியில் மாணவர் செய்யக்கூடியது அதுதான் என்பதால் அவற்றைத் தள்ள வேண்டாம். போஸ்டராக ஏற்றுக்கொண்டு, "இதைச் சோதிக்க அடுத்து என்ன பரிசோதனை செய்வீர்கள்?" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த வரியைப் பார்த்துத்தான் ஆய்வகக்காரர்கள் அந்தப் பிள்ளையிடம் போய்ப் பேசுவார்கள்.

நோயாளி விவரம் இருந்தால் நெறிமுறைக் குழு ஒப்புதல் எண், விலங்கு என்றால் விலங்கு நெறிமுறைக் குழு எண். கடல் உயிரினங்களில் சில சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, சேகரித்த அனுமதியைக் கேளுங்கள். ஈசிஜி தாளின் ஓரத்தில் நோயாளி பெயர் அச்சாகியிருக்கும், அதை மறைக்காமல் அனுப்புகிறவர்கள் ஏராளம். திருப்பி அனுப்புங்கள்.

போஸ்டர் அளவை நீள அகலத்தோடு, நிமிர்ந்த வாக்கில் என்றும் சேர்த்து எழுதுங்கள். பலகை 3 அடி அகலம், 4 அடி உயரம் என்றால் ஏ0 தாள் நிமிர்ந்து நிற்கும், படுத்த வாக்கில் அச்சடித்து வந்தால் இரண்டு பக்கமும் வெளியே தொங்கும்.

9. நிகழ்ச்சி நிரல்

அரசு மருத்துவர்களுக்குக் காலையில் ஓபி. தனியார் மருத்துவர்களுக்கு மாலை 5 மணிக்கு மேல் கிளினிக். ஆகவே ஜோடி அமர்வுகள் பிற்பகல் 2 முதல் 4.30 வரை. இதைக் கவனிக்காமல் காலை 10 மணிக்கு மருத்துவ அமர்வு போட்டால், பேச வந்த மருத்துவரைத் தவிர வேறு மருத்துவர் அங்கே இருக்கமாட்டார்.

முதல் நாள் காலையை மாணவர்களுக்குக் கொடுங்கள். 90 நிமிட அடிப்படை வகுப்பு, கரும்பலகையில். சவ்வின் இரு பக்க அயனி அளவில் இருந்து மின்னழுத்தத்தைக் கணக்கிடும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை எண்ணோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள்: செல்லுக்குள் பொட்டாசியம் 140 மில்லிமோலார், வெளியே 4 என்றால் சமநிலை மின்னழுத்தம் சுமார் −95 மில்லிவோல்ட். வெளியே 7 ஆனால் சுமார் −80. அரளி விதை தின்று வந்தவரின் ரத்த அறிக்கையில் மருத்துவர் பார்க்கும் பொட்டாசியம் 7 என்பதும் இந்த −80 என்பதும் ஒரே விஷயம் என்று கரும்பலகையில் புரிந்துவிட்டால், பிற்பகல் அமர்வில் எல்லாரும் ஒரே மொழி பேசுவார்கள்.

பேட்ச் கிளாம்ப் செய்முறையை நேரில் காட்டுவோம் என்று விளம்பரம் செய்யாதீர்கள். அதிர்வு தாங்கும் மேசை, ஃபாரடே கூண்டு, நுண்ணோக்கி, ஆம்ப்ளிஃபையர் என்று அதைத் தூக்கி வந்து ஹாலில் வைக்க முடியாது, வைத்தாலும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல்தான் பதிவாகும். அதற்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் நியூரான் மென்பொருளைக் கணினி ஆய்வகத்தில் ஏற்றி, 1952-இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் வெளியிட்ட நரம்பு மின்துடிப்பின் கணித மாதிரியை மாணவர்களே ஓட்டிப் பார்க்கட்டும். சோடியம் கடத்துதிறனைப் பாதியாக்கினால் என்ன ஆகிறது என்று தன் கையால் மாற்றிப் பார்ப்பதற்கு ஈடில்லை.

தொடக்க விழா 40 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். குத்துவிளக்கு, வரவேற்பு, ஒரு தலைமையுரை, முடிந்தது. ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தி, ஒவ்வொருவரைப் பற்றியும் அறிமுகம் வாசித்து, எல்லாரும் வாழ்த்துரை வழங்கினால் 2 மணி நேரம் போய்விடும், வெட்டுப்படுவது முதன்மை உரை. தூரத்தில் இருந்து வந்தவருடைய நேரம் அது. மேடையில் ஏற வேண்டியவர்கள் நிறைய என்றால் சிலரை நிறைவு விழாவுக்கு மாற்றுங்கள், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள், முன்னால் சொல்லிவிட்டால்.

போஸ்டர் நேரத்தைத் தேநீரோடு சேர்த்து 75 நிமிடம் கொடுங்கள். அரங்கில் வேறு எதுவும் ஓடக் கூடாது. கேள்வி நேரத்தில் முதல் கேள்வி மாணவருக்கு என்று அமர்வுத் தலைவரிடம் சொல்லி வையுங்கள், தமிழில் கேட்கலாம் என்பதையும் மேடையில் அறிவிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்துக்குக் கூச்சப்பட்டு வாய் திறக்காத பிள்ளைகளிடம் இருந்துதான் நல்ல கேள்விகள் வரும்.

10. பயணம், தங்கல், சாப்பாடு

விமானத்தில் வருகிறவர்களுக்குத் தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையம் பக்கம், மதுரையும் திருவனந்தபுரமும் தூரம். சென்னையில் இருந்து இரவில் நெல்லை எக்ஸ்பிரஸ், பகலில் வந்தே பாரத். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும், அந்தத் தேதியை நாள்காட்டியில் குறித்து, பேச்சாளர் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே போட்டுவிடுங்கள். ஜங்ஷனில் இறங்குகிறவருக்கு ஓட்டுநர் எண் முந்தின இரவே போய்ச் சேர வேண்டும்.

மதியம் ஒரு நாள் சொதி வையுங்கள். வெளியூர்க்காரர்களுக்குக் காரம் இல்லாத, தேங்காய்ப்பால் வாசத்தோடு ஊர் சாப்பாடு, எல்லாரும் இரண்டாம் தடவை கேட்பார்கள். பரிமாறும் இடம் இரண்டாக இருக்கட்டும், 150 பேர் ஒரே வரிசையில் நின்றால் 2 மணி அமர்வு 2.40-க்குத்தான் தொடங்கும்.

நினைவுப் பரிசுக்கு பிளாஸ்டிக் ஷீல்டு வேண்டாம். பத்தமடைப் பாய் சிறியதாக வாங்குங்கள், பையில் சுருட்டி வைக்கலாம். நெய்ய நாள் பிடிக்கும், 2 மாதம் முன்பே சொல்லிவிடுங்கள்.

11. அந்த இரண்டு நாட்கள்

ஸ்லைடுகள் முந்தின இரவே ஒரே லேப்டாப்பில் ஏற வேண்டும், கூடவே பிடிஎஃப் பிரதியும். வீடியோ இருந்தால் ஒவ்வொன்றையும் ஓட்டிப் பாருங்கள், கட்டமைப்பு உயிரியல்காரர்களின் சுழலும் புரத வீடியோக்கள்தான் அடிக்கடி நிற்கும்.

பேச்சாளர் கண்ணில் படும் இடத்தில் கடிகாரம், 5 நிமிடம் மிச்சம் என்ற அட்டையோடு முதல் வரிசையில் ஒரு மாணவர். நேரம் தாண்டினால் அமர்வுத் தலைவர் எழுந்து நிற்க வேண்டும் என்று முன்பே பேசி வையுங்கள்.

ஒரு மருத்துவராவது அறுவை சிகிச்சையில் மாட்டிக்கொண்டு வராமல் போவார். நல்ல மூன்று போஸ்டர் மாணவர்களை 10 நிமிடப் பேச்சுக்குத் தயாராக வைத்திருந்தால் அந்த இடைவெளி அவர்களுக்கு வாய்ப்பாகிவிடும்.

சான்றிதழ் இரண்டாம் நாள் மாலைதான். முதல் நாளே கொடுத்தால் இரண்டாம் நாள் ஹால் காலி.

12. முடிந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் எல்லா பில்லும் ஒரு கோப்பில். வேன்காரரிடம் ரசீது அன்றே வாங்காவிட்டால் பிறகு கிடைக்காது. மத்திய அரசு நிதி என்றால் பயன்பாட்டுச் சான்றிதழ் 12-ஏ படிவத்தில் போக வேண்டும், கணக்குப் பிரிவு கையெழுத்துக்கு நாள் எடுக்கும், முதலில் அதை அனுப்பிவிடுங்கள். பேச்சாளர்களின் பயணப் பணத்தை நிதி வரும் வரை நிறுத்தி வைக்காதீர்கள், இளம் ஆராய்ச்சியாளர்கள் சொந்தக் காசில் வந்திருப்பார்கள்.

போஸ்டர் வைத்த ஒவ்வொரு மாணவருக்கும் மதிப்பீட்டாளர் எழுதிய குறிப்பை இரண்டு வாரத்துக்குள் அனுப்புங்கள்.

அப்புறம் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த மருத்துவர் எந்த ஆய்வகத்தோடு பேச ஆரம்பித்தார், எந்தக் குடும்பத்தின் மரபணுப் பரிசோதனை பற்றிப் பேச்சு வந்தது, எந்த மாணவர் எந்த ஊருக்குப் பயிற்சிக்குப் போக ஆசைப்பட்டார். 3 மாதம் கழித்து அந்தத் தாளை எடுத்து ஒவ்வொருவருக்கும் போன் போடுங்கள். எங்கே நின்றுபோயிருக்கிறதோ, அது பெரும்பாலும் நெறிமுறைக் குழு ஒப்புதலிலோ மாதிரியை அனுப்பும் செலவிலோதான் நின்றிருக்கும். இரண்டுக்கும் உங்கள் குழுவில் இருக்கும் அந்த இரண்டு தலைவர்களும் உட்கார்ந்து கடிதம் எழுதினால் வழி பிறக்கும்.